ஒரு முழம் கயிறு: 1865 மேட்டர்ஹார்ன் சொல்ற பாடம்

இந்த எபிசோடை ஒரு சின்ன வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமநகராவுல பாறை ஏறப் போயிருந்தோம். பக்கத்துப் பாறையில முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பசங்க. ஒருத்தன் மேல ஏறிட்டான், இன்னொருத்தன் கீழ நின்னு கயிறு பிடிக்கிறான். கீழ கிடந்த கயிறு நுனியில முடிச்சு இல்லை. கயிறு நீளம் பத்தலைன்னா, மேல இருக்கிறவனை இறக்கும்போது நுனி கருவிக்குள்ள இருந்து உருவிக்கிட்டு ஓடிடும். அவன் நேரா தரைக்கு வந்துடுவான்.

இது எனக்குத் தெரியும். ஆனா வாயைத் திறக்கலை. ரெண்டு வருஷமா ஏறுற நான் யாருக்குப் பாடம் எடுக்கிறதுன்னு ஒரு கூச்சம். அவன் பத்திரமா இறங்கிட்டான். அப்போ கீழ நின்னவன் கையில மிச்சம் இருந்தது ஒரு முழம் கயிறு.

வீட்டுக்கு வந்தும் அந்த ஒரு முழம்தான் கண்ணு முன்னாடி நின்னது. அதனாலதான் இன்னைக்கு 1865க்குப் போறோம்.

சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையில இருக்கிற மேட்டர்ஹார்ன். உயரம் 4,478 மீட்டர். எட்வர்ட் விம்பர்னு 25 வயசு ஆங்கிலேயர், மரத்துல படம் செதுக்குற தொழில் பண்றவர், 1861ல இருந்து பலமுறை முயற்சி பண்ணித் தோத்திருந்தார். 1865 ஜூலையில அவர் நம்பியிருந்த இத்தாலிய வழிகாட்டி வேற குழுவோட மலை ஏறக் கிளம்பிட்டார். விம்பர் அவசர அவசரமா செர்மாட் கிராமத்துக்கு வந்தார். வழியில சேர்ந்துகிட்டவர் 18 வயசு பிரான்சிஸ் டக்ளஸ். செர்மாட்ல சார்லஸ் ஹட்சன்னு ஒரு பாதிரியாரும் அதே மலைக்குத் தயாரா இருந்தார். அந்தக் காலத்துல பெயர் பெற்ற மலையேறி அவர். கூடவே 19 வயசு டக்ளஸ் ஹேடோ. ஒரே ராத்திரியில ரெண்டு குழுவும் ஒண்ணாச்சு. மிஷெல் க்ரோ, டாக்வால்டர், அவரோட மகன்னு மூணு வழிகாட்டிகள். மொத்தம் ஏழு பேர்.

இங்கதான் விஷயம் சுவாரசியமாகுது. அன்னைக்கு யாருமே வாயைத் திறக்கலைன்னு நினைச்சா அது தப்பு. பேசியிருக்காங்க, மூணு தடவை. இதெல்லாம் விம்பரே பிறகு எழுதினது.

முதல் தடவை, கிளம்புறதுக்கு முன்னாடி. ஹேடோவுக்கு அனுபவம் இருக்கான்னு ஹட்சன்கிட்ட விம்பர் கேட்டார். மான்ட் பிளாங்க்கை வேகமா ஏறினவன், தாராளமா வரலாம்னு பதில் வந்தது. அதுக்கு மேல விம்பர் எதுவும் கேட்கலை. ஆனா வேகமா ஏறுறது வேற, செங்குத்தான பாறையில கால் வச்சு இறங்குறது வேற.

ஜூலை 14, மதியம் 1.40க்கு உச்சி. ஒரு மணி நேரம் கொண்டாட்டம். இறங்கும்போது ரெண்டாவது பேச்சு. கஷ்டமான இடத்துல பாறையில ஒரு கயிறு கட்டி, அதைப் பிடிச்சு இறங்கலாம்னு விம்பர் சொன்னார். நல்ல யோசனைன்னு ஹட்சன் ஒத்துக்கிட்டார். யார் கட்டுறதுன்னு முடிவாகலை, கட்டவும் இல்லை. நம்ம ஆபீஸ் மீட்டிங்ல எல்லாரும் தலையாட்டிட்டு, டிக்கெட் யார் பேர்லயும் போடாம எழுந்து போவோமே, அதேதான்.

மூணாவது தடவை பேசினது பிரான்சிஸ் டக்ளஸ். யாராவது வழுக்கினா டாக்வால்டரால தனியா தாங்க முடியாதுன்னு பயந்து, அவரோட கயிறுல வந்து சேர்ந்துக்கச் சொல்லி சுமார் மூணு மணிக்கு விம்பர்கிட்ட கேட்டார். விம்பர் உடனே கட்டிக்கிட்டார்.

சில நிமிஷத்துல ஹேடோ வழுக்கி, முன்னாடி இருந்த க்ரோ மேல விழுந்தார். அடுத்து ஹட்சன், அடுத்து டக்ளஸ். மேல டாக்வால்டரும் விம்பரும் பாறையைக் கட்டிப் பிடிச்சு நின்னாங்க. டாக்வால்டருக்கும் டக்ளஸுக்கும் நடுவுல கயிறு அறுந்தது. நாலு பேர் சுமார் 1,200 மீட்டர் கீழ பனியாற்றுல விழுந்தாங்க. டக்ளஸ் உடல் கிடைக்கவே இல்லை.

அறுந்தது அவங்க கொண்டு போனதிலேயே பலம் குறைஞ்ச கயிறு. நல்ல கயிறு மிச்சம் இருந்தது. எந்தக் கயிறைக் கட்டினாங்கன்னு விம்பர் விபத்துக்கு அப்புறம்தான் பார்த்தார். விசாரணையில டாக்வால்டர் மேல குற்றம் இல்லைன்னு சொன்னாங்க. ஆனா வதந்தி அவரை விடலை. அந்தக் கயிறு இப்பவும் செர்மாட் அருங்காட்சியகத்துல இருக்கு.

எனக்கு இதுல உறைச்சது என்னன்னா, மூணு பேச்சுல முழுசா வேலையா முடிஞ்சது டக்ளஸ் கேட்டது மட்டும்தான். யாருக்கு என்ன ஆபத்து, யார் என்ன செய்யணும்னு தெளிவா கேட்டார். அந்த முடிச்சு அவரைக் காப்பாத்தலை. ஆனா அந்த இழுப்பை ரெண்டு பேரும் ஒரே ஆளா சேர்ந்து தாங்கினோம்னு விம்பர் எழுதியிருக்கார்.

அப்போ தெரியாதவங்க தப்பு பண்ணா கத்தணுமா? அவசரப்படாதீங்க. 1989ல பிரான்ஸ்ல இருக்கிற பூவுல, உலகத்தின் தலைசிறந்த ஏறுநர்களில் ஒருத்தரான லின் ஹில், முடிச்சைப் பாதியில விட்டுட்டு ஷூவை எடுக்கப் போனார். ஒருத்தர்கிட்ட பேச்சுக் கொடுத்ததுல முடிச்சை மறந்துட்டார். உச்சிக்குப் போய் கயிறுல சாய்ஞ்சதும் சுமார் 22 மீட்டர் விழுந்தார். ஒரு மரம் தடுத்ததால பிழைச்சார். எவ்வளவு பெரிய ஆளுக்கும் மறதி வரும். நேரம் பார்க்காத பேச்சும் கவனத்தைக் கலைக்கும்.

அதனால நான் எனக்கு வச்சுக்கிட்ட விதி இது. தரையில இருக்கும்போதே சொல்லணும். ஏற ஆரம்பிச்சிட்டா, மேல இருக்கிறவனைக் கலைக்காம கீழ கயிறு பிடிக்கிறவன்கிட்ட மெதுவா சொல்லணும். அறிவுரையா இல்லாம கேள்வியா கேட்கணும். முக்கியமா, தலையாட்டினதோட விடாம, செஞ்சாங்களான்னு பார்க்கணும்.

ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு இடத்துல ஒரு அண்ணன்கிட்ட கேட்டேன். "அண்ணா, நுனியில முடிச்சு இருக்கா?" முறைச்சார். "பதினஞ்சு வருஷமா ஏறுறேன் தம்பி"ன்னார். நான் சிரிச்சுட்டு அங்கேயே நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, என்னைப் பார்க்காமலே குனிஞ்சு முடிச்சுப் போட்டார்.

எனக்குக் காது சூடாச்சு. ஆனா அன்னைக்கு நல்லா தூங்கினேன். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.