வானத்தில் ஓடிய நதி

1862, ஜனவரி 10. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்துக்குப் புதிய கவர்னர் பதவியேற்கும் நாள். தலைநகரம் சாக்ரமென்டோ. பேண்டு வாத்தியம், குதிரை வண்டி ஊர்வலம் என்று அமர்க்களப்பட்டிருக்க வேண்டிய விழா. ஆனால், கவர்னர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் போய்ச் சேர்ந்ததோ துடுப்புப் படகில்! தெருவெல்லாம் தண்ணீர். அவசர அவசரமாகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினால்... வாசல் கதவைக் காணோம்! மாடி ஜன்னல் வழியாகத்தான் மனிதர் வீட்டுக்குள் நுழைந்தார் என்று அந்த ஊரில் கதை கதையாகச் சொல்வார்கள். (பிற்பாடு, இறந்துபோன மகனின் நினைவாகப் பல்கலைக்கழகம் தொடங்கினாரே... அதே ஸ்டான்ஃபோர்ட்தான்!)

இரண்டு வாரம் கழித்து, 'இனிமேல் இங்கே தாக்குப்பிடிக்க முடியாதப்பா' என்று சட்டசபையே மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பிவிட்டது.

அப்படி என்னதான் நடந்தது?

1861 டிசம்பரில் பிடித்த மழை, விடவில்லை. புயலுக்குப் பின்னால் புயல், சுமார் ஆறு வாரம்! சியர்ரா நெவாடா மலையில் முதலில் பனி கொட்டிக் குவிந்தது. பின்னாலேயே வெதுவெதுப்பான காற்றோடு மழை வந்து, அந்தப் பனியையும் கரைத்து இறக்கியது. கீழே மத்தியப் பள்ளத்தாக்கு. சுற்றிலும் மலைகள், நடுவில் நீளமான தொட்டி மாதிரி நிலம். தொட்டி நிரம்பியது. சுமார் 480 கி.மீ. நீளம், 30 கி.மீ. அகலத்துக்கு ஒரு புதிய கடல்!

அப்போது மாநிலம் முழுக்கச் சுற்றி மண்ணையும் மலையையும் அளந்துகொண்டிருந்த அரசாங்க சர்வே குழுவில் வில்லியம் புரூவர் என்று ஒருவர் இருந்தார். தம்பிக்கு விடாமல் கடிதம் எழுதுகிற பழக்கம் அவருக்கு. நமக்கு அதனால் லாபம்! ஆற்றிலிருந்து 22 கி.மீ. தள்ளியிருந்த பண்ணைகள் மீது நீராவிப் படகுகள் ஓடின, ஆடு மாடுகளை ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போயின என்று எழுதுகிறார் அவர்.

தெற்கே சான்டா ஆனா ஆற்றங்கரையில் அகுவா மான்சா என்று ஒரு கிராமம். 'அமைதியான நீர்' என்று அர்த்தம்! ஜனவரி 22 இரவு ஆறு உள்ளே புகுந்தது. பாதிரியார் கோயில் மணியை விடாமல் அடிக்க, ஜனங்கள் அலறி எழுந்து மேட்டிலிருந்த கோயிலுக்கு ஓடிப் பிழைத்தார்கள். மண் வீடுகள் கரைந்து போயின.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மேரிஸ்வில் பக்கத்துப் பூர்வகுடிகள், 'பெருவெள்ளம் வரப்போகிறது' என்று முன்கூட்டியே மலையடிவாரத்துக்குப் போய்விட்டதாக அந்தக் காலப் பத்திரிகையிலேயே செய்தி இருக்கிறது. அவர்களுக்குப் பழசு ஞாபகம் இருந்தது. தங்கம் தேடி வந்தவர்களுக்கு? ஊருக்கு வந்தே பதிமூன்று வருஷம்தான் ஆகியிருந்தது!

நஷ்டக் கணக்குக்கு வருவோம். சுமார் 2 லட்சம் மாடுகள் போச்சு. வரி போடக்கூடிய சொத்தில் கால்வாசிக்கு மேல் காலி என்பது புரூவரின் மதிப்பீடு. சொத்து போனால் வரி ஏது? வரி இல்லாவிட்டால் சம்பளம் ஏது? கஜானா காலியாகி, அரசு ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் தவித்தார்கள். பற்றாக்குறைக்கு, வெள்ளம் வடிந்த கையோடு கடும் வறட்சி வேறு! பிழைத்த மாடுகளும் பட்டினியில் செத்தன. பெரிய பெரிய மாட்டுப் பண்ணைகளின் காலம் அதோடு முடிந்தது.

இத்தனைக்கும் காரணமான ஆசாமிக்கு அன்றைக்குப் பெயரே கிடையாது. 1990-களில்தான் எம்.ஐ.டி. விஞ்ஞானிகளான நியூவெல்லும் ஸூவும் அதற்குப் பெயர் வைத்தார்கள்: 'வளிமண்டல நதி'! பசிபிக் கடலின் வெப்பப் பகுதியிலிருந்து நீராவியைச் சுமந்துகொண்டு, சில நூறு கி.மீ. அகலத்தில், ஆயிரக்கணக்கான கி.மீ. நீளத்தில் ஆகாயத்தில் பாய்கிற நதி. பெரிய நதி ஒன்று, மிஸிஸிப்பி ஆறு கடலில் கொட்டுகிற தண்ணீரைப்போல் ஏழு மடங்குக்கும் மேலாக நீராவியைச் சுமக்கும்! மலையில் முட்டி மேலே ஏறினால் குளிர்ந்து, அத்தனையும் மழை. ஆனால், இதை வில்லன் என்று ஒதுக்கவும் முடியாது. கலிஃபோர்னியா குடிக்கிற தண்ணீரில் பெரும் பங்கு இந்த நதிகளின் தயவுதான்.

வில்லங்கம் எங்கே என்றால், காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவிகிதம் அதிக நீராவியைத் தாங்கும். நதி கனமாகிறது. வளிமண்டல நதிகளுக்கு 1 முதல் 5 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஒரு படி ஏறினால் நஷ்டமும் ஒரு மடங்கு ஏறும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, சுமார் பத்து மடங்கு! 1978-லிருந்து 2017 வரை மேற்கு அமெரிக்காவின் வெள்ளச் சேதத்தில் 84 சதவிகிதம் இந்த நதிகளின் கைங்கர்யம்தான் என்று 2019-ல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது.

1862 திரும்பி வந்தால்? 2011-ல் அமெரிக்க நிலவியல் துறை கணக்குப் பார்த்தது. நஷ்டம் 72,500 கோடி டாலர்! 2022-ல் வந்த இன்னோர் ஆய்வு, புவி சூடானதில் அப்படிப்பட்ட பெருமழைக்கான வாய்ப்பு ஏற்கெனவே இரண்டு மடங்காகிவிட்டது என்றது. 1860-ல் கலிஃபோர்னியாவின் ஜனத்தொகை 3.8 லட்சம். இன்றைக்குச் சுமார் 3.9 கோடி. அன்று கடலாகிக் கிடந்த அதே பள்ளத்தாக்கில் இன்று வீடுகள், சாலைகள், பாதாம் தோப்புகள்... 2023-லேயே ஒரு சின்ன டிரெய்லர் ஓடிவிட்டது. விவசாயத்துக்காக எப்போதோ வற்றடித்த துலாரே ஏரி, வரிசையாக வந்த வளிமண்டல நதிகளால் மறுபடி நிரம்பி, வயல்களை விழுங்கிக்கொண்டு தன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது!

சாக்ரமென்டோக்காரர்கள் 1862-க்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. செங்கல் கட்டடங்களையே ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். தெருக்களைச் சுமார் 10 அடி உயர்த்தினார்கள். உறவுக்காரப் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் வேலையில் இருந்து, நீங்களும் போக நேர்ந்தால், பழைய ஊரின் நடைபாதைக்குக் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். அன்றைய கடைகளின் தரைத்தளம், இன்றைக்கு நிலவறையாக அப்படியே இருக்கிறது.

அவர்களுக்கு பயம் ஞாபகம் இருந்தவரை, ஊரையே பத்தடி தூக்கினார்கள். அடுத்தடுத்து வந்தவர்கள் மறந்தார்கள். வானத்து நதிக்கு வழி மறப்பதில்லை!