குந்தத் தெரிந்த முட்டி

புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் மாசி மகத்தன்று நிற்க இடம் கிடைக்காது. மயிலத்திலிருந்து முருகன் வருவார். தீவனூரிலிருந்து விநாயகர் வருவார். சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் கடலாட வந்து வரிசை கட்டி நிற்கும். சாமிகளைக் கும்பிட்டாயிற்றா? இப்போது பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கி, வந்திருக்கும் மனிதர்களின் கால்களைக் கவனியுங்கள்.

மணலில் குந்தி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாரே, அந்தப் பெரியவரைப் பாருங்கள். பாதம் முழுசாகத் தரையில் பதிந்திருக்கிறது. குதிகால் தூக்கவில்லை. கால்விரல்கள் லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருக்கின்றன. முட்டி, விரல்களைத் தாண்டி முன்னால் வந்து நிற்கிறது. கெண்டைக்கால் மேல் தொடை படிந்து கிடக்கிறது. முகத்தில் துளி சிரமம் இல்லை!

சரி, இப்போது நகரத்துக்குள் ஏதாவது ஒரு ஜிம்முக்குள் எட்டிப் பாருங்கள். தோளில் இரும்புத் தடியோடு ஓர் இளைஞர் கண்ணாடி முன் நிற்கிறார். பக்கத்தில் மாஸ்டர்.

“பாதத்தை நேரா வை. முட்டி விரலைத் தாண்டக் கூடாது. தொடை தரைக்குச் சமமா வந்ததும் நிறுத்து.”

“முட்டி வலிக்குதுண்ணே...”

“ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும் தம்பி. போடு!”

கடற்கரைப் பெரியவர் இந்தச் சட்டங்கள் அத்தனையையும் ஒரே நேரத்தில் மீறிவிட்டு ஹாயாக உட்கார்ந்திருக்கிறார். சட்டத்தை மதிக்கும் இளைஞருக்கு முட்டி வலிக்கிறது. யார் போட்ட சட்டம் இது? அதைத் தேடிப் போனால் லண்டன், லாகூர், டெக்சாஸ் என்று ஓர் உலகச் சுற்றுலாவே போய் வர வேண்டியிருக்கிறது.

முதலில் நம்மூர். கால் பயிற்சி என்ற பெயர் சூட்டாமலேயே நாம் காலகாலமாகச் செய்துவரும் பயிற்சி ஒன்று உண்டு. தோப்புக்கரணம். விநாயகர் விளையாட்டாக விழுங்கிவிட்ட சக்கரத்தைத் திரும்ப வாங்க, திருமால் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தாராம். பிள்ளையார் விழுந்து விழுந்து சிரித்ததில் சக்கரம் வெளியே வந்துவிட்டது என்பது கதை. மணக்குள விநாயகர் சந்நிதியில் தோப்புக்கரணம் போடும் யாருக்கும் பாதத்தை இத்தனை டிகிரியில் திருப்பு என்று எவரும் பாடம் எடுத்ததில்லை. அவரவர் கால் அதன் இடத்தைத் தானே தேடிக்கொள்கிறது.

வட இந்திய அகாடாக்களில் இதற்கு பைட்டக் என்று பெயர். நம்மூர் தேகப்பயிற்சிக் கூடங்களில் தண்டாலோடு சேர்த்து ‘பஸ்கி’ என்றார்கள். தோப்புக்கரணத்துக்கும் பைட்டக்குக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பயில்வான் கீழே இறங்கும்போது குதிகால் மேலே எழும்பும். உடம்பின் பாரம் முன்பாதத்துக்கு வரும். முட்டி விரல்களைத் தாண்டிப் போகும். இப்படி ஆயிரக்கணக்கில் போட்டவர் என்று புகழ்பெற்றவர் காமா பயில்வான். 1910-ம் ஆண்டு செப்டம்பரில் லண்டனில் அவரும் போலந்து மல்லர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். காமாவிடம் தோற்றுவிடக் கூடாது என்று ஸ்பிஸ்கோ இரண்டரை மணி நேரம் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு கிடந்தார். அடுத்த வாரம் மறுபோட்டிக்கு ஆள் வரவேயில்லை! 1928-ல் பாட்டியாலாவில் மறுபடியும் சந்தித்தபோது காமா அவரை ஒரு நிமிடத்துக்குள் சாய்த்தார். விரலைத் தாண்டிய முட்டிகள்தான் அவை.

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி. 1813-ல் ஸ்டாக்ஹோமில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் உடற்பயிற்சிக் கல்விக்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். அங்கிருந்து கிளம்பிய ஸ்வீடன் முறை, ராணுவத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பரவியது. குதிகால்கள் இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும், விரல்கள் மட்டும் விரிந்திருக்க வேண்டும், நுனிக்காலில் எழும்பி முட்டியை மடக்க வேண்டும். விசில் அடித்தால் நூறு பேரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். பார்க்க அழகுதான். ஆனால், நூறு பேருக்கும் ஒரே மாதிரி கால் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

எடை தூக்குகிறவர்களும் இதே பாணியில் நுனிக்காலில் நின்றே முட்டியை மடக்கினார்கள். அந்த நிலையில் எவ்வளவு எடை தாங்க முடியும்? தள்ளாடி விழாமல் இருந்தாலே பெரிய விஷயம். ஹென்றி ஸ்டைன்போர்ன் என்ற ஜெர்மானியர்தான் இதை உடைத்தார். செல்லப்பெயர் மிலோ. முதல் உலகப் போர்க் காலத்தை ஆஸ்திரேலியாவில் கைதி முகாமில் கழித்தவர். 1921-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பாதம் முழுவதையும் தரையில் பதித்து, பெரிய எடையைத் தோளில் வைத்துக்கொண்டு, அடிவரை உட்கார்ந்து எழுந்து காட்டினார். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். இன்று ஜிம்களில் ‘ஸ்குவாட்’ என்ற பெயரில் நடக்கும் பயிற்சி பிரபலமானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சுருக்கமாகச் சொன்னால், தோப்புக்கரணத்தின் பாதத்தைத்தான் அமெரிக்கா புதுசாகக் கண்டுபிடித்தது!

அப்புறம் வந்தது பயம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் க்ளைன், எடை தூக்குகிறவர்களின் முட்டிகளைத் தானே வடிவமைத்த ஒரு கருவியால் சோதித்தார். அடிவரை உட்கார்ந்து எழுந்தால் முட்டியின் தசைநார்கள் தளர்ந்துபோகும் என்று 1961-ல் அறிவித்தார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. பள்ளிகளும் ராணுவப் பயிற்சியாளர்களும் முழுசாக உட்காரும் பயிற்சிகளை ஒதுக்க ஆரம்பித்தார்கள். ‘பாதியில் நிறுத்து’ என்கிற சட்டம் ஊரெல்லாம் பரவியதில் இந்தப் பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னால் வந்த ஆய்வாளர்கள் க்ளைன் அளந்த விதமே சரியில்லை என்றார்கள். 1989-ல் சாண்ட்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஆழமாக உட்கார்ந்து எழுபவர்களின் முட்டி தளர்ந்ததாகத் தெரியவில்லை. பயம் மட்டும் போகவில்லை. ஒரு தடவை பரவிய பயத்தைத் திரும்பப் பிடிப்பது அவ்வளவு சுலபமா என்ன?

‘முட்டி விரலைத் தாண்டக் கூடாது’ என்கிற சட்டத்துக்கும் இதே கதிதான். 2003-ல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃப்ரை என்பவரும் அவருடைய சகாக்களும் ஏழு ஆண்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு முறை இஷ்டத்துக்கு உட்காரச் சொன்னார்கள். மறுமுறை, முட்டி முன்னால் போகாதபடி கால்களுக்கு எதிரே ஒரு பலகையை நிறுத்தினார்கள். பலகை இருந்தபோது முட்டியில் விழுந்த முறுக்குவிசை 150-லிருந்து 117-ஆகக் குறைந்தது. சபாஷ் என்கிறீர்களா? பொறுங்கள். இடுப்பில் விழுந்த விசை 28-லிருந்து 303-ஆக எகிறியது! முட்டியைக் காப்பாற்றப் போய், பாரத்தைத் தூக்கி இடுப்பின் தலையில் கட்டியிருக்கிறோம்.

அப்படியானால் அந்தக் கடற்கரைப் பெரியவரின் ரகசியம் என்ன? இதற்குப் பதில் சொல்ல நூறு வருஷத்துக்கும் முன்னாலேயே ஒருவர் முயன்றிருக்கிறார். லாகூர் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு பேராசிரியராக இருந்த ஹாவ்லாக் சார்லஸ். பஞ்சாப் மக்களின் கால் எலும்புகளை ஆராய்ந்து 1893-ல் ஒரு கட்டுரை எழுதினார். கணுக்காலில், கீழ்க்கால் எலும்பும் பாத எலும்பும் சந்திக்கும் இடத்தில் சின்னச் சின்ன வழவழப்பான தடங்கள் இருந்தன. நாற்காலியில் உட்காரும் ஐரோப்பியர்களிடம் அவை அபூர்வம். தினமும் குந்திக் குந்தியே எலும்பில் பதிந்த முத்திரை அது. 1959-ல் இந்தர்பீர் சிங் இந்தியர்களின் எலும்புகளை மறுபடியும் ஆராய்ந்து இதே தடங்களைப் பற்றி எழுதினார்.

ஆக, முட்டியின் சௌகரியம் முட்டியில் மட்டும் இல்லை. கணுக்காலில் இருக்கிறது. கணுக்கால் நன்றாக மடங்கினால்தான் குதிகால் தரையில் நிற்கும். சின்ன வயசிலிருந்து நாற்காலி, சோபா, வெஸ்டர்ன் டாய்லெட் என்று வாழ்ந்த கணுக்கால் பெரும்பாலும் இறுகிப்போயிருக்கும். அதை மடக்கி, மேலே அறுபது கிலோவும் ஏற்றினால் குதிகால் எழும்பும். இல்லையென்றால் முட்டிகள் உள்பக்கமாகச் சரிந்து ஒன்றையொன்று பார்க்கும். வலி அங்கேதான் ஆரம்பம்.

பளுதூக்கும் வீரர்களின் காலணியைக் கவனித்திருக்கிறீர்களா? குதிகால் பக்கம் உயர்ந்திருக்கும், கட்டையாக இருக்கும். கணுக்காலுக்கு உதவி செய்யத்தான் அந்த ஏற்பாடு. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-ல் கோல்டு கோஸ்டில், தொடையில் பட்ட காயத்தோடு போய் மறுபடியும் தங்கம். ‘ஸ்நாட்ச்’ பிரிவில் எடையைத் தலைக்கு மேலே பிடித்தபடி அடிவரை உட்கார்ந்து எழ வேண்டும். பாதியில் நிறுத்தினால் பதக்கம் ஏது?

அதற்காக ‘குந்தினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று கிளம்பிவிடாதீர்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. பெய்ஜிங்கில் முதியவர்களிடம் நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வு, இளவயதில் தினமும் பல மணி நேரம் குந்தியே கழித்தவர்களுக்கு முட்டித் தேய்மானம் அதிகம் என்றது. ஆழம் மட்டும் கணக்கில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு எடை, எத்தனை வேகமாக ஏற்றினோம் என்பதும் கணக்கு.

மடங்காத முட்டியை மடக்கிய கதை ஒன்று புதுச்சேரியிலேயே இருக்கிறது. வைத்திக்குப்பத்திலிருந்து தெற்கே நடந்துபோகிற தூரம்தான், அரவிந்தர் ஆசிரமம். 1938 நவம்பர் 24. அன்று தரிசன நாள் என்பதால் பக்தர்கள் ஊரில் குவிந்திருந்தார்கள். விடிவதற்கு முன் அறையில் நடந்துகொண்டிருந்த அரவிந்தர், தரையில் கிடந்த புலித்தோலில் தடுக்கி விழுந்தார். புலித்தலையில் வலது முட்டி மோதியது. முட்டிக்கு மேலே தொடையெலும்பு முறிந்துவிட்டது. தரிசனம் ரத்து. வாரக்கணக்கில் படுக்கை.

எலும்பு கூடிய பிறகுதான் நிஜமான பிரச்னை. முட்டி மடங்க மறுத்தது. அவருக்கு அப்போது 66 வயது. கூடவே இருந்த மருத்துவர் நிரோத்பரன் அந்த நாட்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிடுவது, கொஞ்சம் கொஞ்சமாக மடக்குவது என்று தினசரிப் பயிற்சி. ஒரே நாளில் முழுசாக மடக்க யாரும் அவசரப்படவில்லை. அந்த முட்டி எவ்வளவு அனுமதித்ததோ, அவ்வளவு. மறுநாள் அதைவிட ஒரு நூல் கூடுதல். அதே ஆசிரமத்திலிருந்து 1949 பிப்ரவரியில் உடற்பயிற்சிக் கல்விக்கென்றே ஒரு பத்திரிகையும் வெளிவர ஆரம்பித்தது.

ஜிம்முக்குப் போகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். இடுப்புக் குழியின் அமைப்பு, தொடையெலும்பின் நீளம், கணுக்காலின் மடங்கு திறன், எல்லாமே ஆளுக்கு ஆள் மாறும். அதனால் எடையே இல்லாமல் முதலில் குந்திப் பாருங்கள். பாதத்தை கொஞ்சம் அகட்டி, விரல்களைக் கொஞ்சம் வெளியே திருப்பிப் பாருங்கள். எந்த இடத்தில் முட்டி உறுத்தாமல் இறங்குகிறதோ, அதுதான் உங்கள் இடம். விரல் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, முட்டியும் அதே திசையைப் பார்க்கட்டும். குதிகால் எழும்பினால் அடியில் மெல்லிய பலகை ஒன்றை வையுங்கள். வலித்தால் ஆழத்தைக் குறையுங்கள், எடையைக் குறையுங்கள். முட்டி வீங்கினாலோ, நடுவில் பூட்டிக்கொண்டாலோ மாஸ்டரிடம் இல்லை, டாக்டரிடம் போங்கள்.

விசில் சத்தத்துக்கு நூறு பேரும் ஒரே மாதிரி காலை வைக்க வேண்டிய அவசியம் ராணுவ மைதானத்தில் இருந்திருக்கலாம். உங்கள் முட்டிக்கு அந்த விசில் கேட்காது. அது வலியில்தான் பேசும். பேசும்போது ‘ஆரம்பத்துல அப்படித்தான்’ என்று அதன் வாயை அடைக்காமல் இருந்தால், அறுபது வயசிலும் பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை உட்கார்ந்து எழலாம்!