கல்யாணத்துல யார் பாட்டு?

கல்யாணம் முடிஞ்சு ஒரு வாரம் ஆனதும் போட்டோக்காரர் பென் டிரைவில் படங்களைத் தருகிறார். மாப்பிள்ளையின் தம்பியோ பெண்ணின் அக்கா மகளோ அதில் அறுபது எழுபது படத்தைப் பொறுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்து யூட்யூபில் ஏற்றுகிறார்கள். திருப்பூரிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கிற சொந்தபந்தம் பாக்கணுமே. கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வருகிறது: பாட்டு இன்ன கம்பெனிக்குச் சொந்தம். சில நேரம் படம் ஊமையாகிவிடும். சில நேரம் நம்ம பொண்ணு தாலி கட்டிக்கொள்கிற படத்துக்கு முன்னால் சோப்பு விளம்பரம் ஓடும். அந்தக் காசு கம்பெனிக்குப் போகும். எங்க வீட்டுக் கல்யாணம், எங்க போட்டோ, பாட்டுப் போட யாரக் கேக்கணும்? இப்படிக் கேட்காத வீடு இல்லை.

கேள்வி நமக்குப் புதுசு இல்லை. கல்யாணத்தில் என்ன சத்தம் கேட்கலாம், யாரைக் கேட்டுக் கேட்கலாம் என்ற வழக்கில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக நின்றிருக்கிறார்கள். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்துக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம் வெள்ளி நகை கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது, குடை செருப்பு கூடாது என்று போகிற பட்டியல். 1931 ஜூனில் அது பதினொன்றாக நீண்டது. இந்தப் பட்டியலில்தான் கல்யாணம் வருகிறது. கல்யாணத்திலும் மற்ற விசேசங்களிலும் மேளம் முதலான இசை கூடாது. தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகிற வழக்கத்தை விட வேண்டும். ஊர்வலத்துக்குப் பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைக் கழற்றித் தூக்கிக்கொள்ள வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் இவற்றை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்தவன் வீட்டுச் சாவுக்குப் பறை அடிக்கலாம், அடித்தே ஆக வேண்டும். தன் வீட்டுக் கல்யாணத்துக்கு மேளம் வைக்கக் கூடாது. ஏன் சத்தத்தின் மேல் இவ்வளவு கோபம்? நகையை வீட்டுக்குள் போட்டுக்கொள்ளலாம், ஊர்த்தெருவுக்குத் தெரியாது. சத்தம் அப்படி இல்லை. சேரியில் கிளம்பினால் ஊருக்குள் போய் விழும். "இன்னைக்கு எங்க வீட்ல விசேசம்" என்று சொல்லிவிடும். அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

பிறகு கிராமபோனும் புனல் ஒலிபெருக்கியும் வந்தன. நாயனக்காரர் சேரிக்கு வர மாட்டேன் என்று சொன்ன ஊர்களில், வேப்ப மரத்தில் கட்டிய குழாய் பாடியது. இசைத்தட்டுக்குத் தீட்டு கிடையாது. வாடகை கொடுத்தால் எந்தத் தெருவிலும் பாடும். சினிமாப் பாட்டு நம் கல்யாணத்தின் மங்கல இசையானதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ரசனை கெட்டுப்போச்சு என்று புலம்புகிற பண்டிதர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. அதற்கப்புறம் கேசட். பாட்டுப் பட்டியலை எழுதிக்கொண்டு போனால் கடையில் பதிந்து தருவார்கள். வீடியோ வந்தபோது தாலி கட்டும் காட்சிக்கு ஒரு பாட்டு, மறுவீட்டுக்கு ஒரு பாட்டு என்று கலந்து கொடுத்தார்கள். அப்போதும் அது அடுத்தவர் பாட்டுத்தான். ஆனால் வீட்டு டிவியில் ஓடியதை எந்தக் கம்பெனி வந்து பார்த்தது?

2007இல் யூட்யூப் 'கண்டெண்ட் ஐடி' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கம்பெனிகள் தங்கள் பாட்டுகளை அதில் கொடுத்து வைக்கும். ஏற்றப்படும் ஒவ்வொரு படத்தையும் எந்திரம் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் படத்தைத் தடுக்கலாம், விளம்பரக் காசை எடுத்துக்கொள்ளலாம், சும்மா கண்காணிக்கலாம். எது என்று கம்பெனி சொல்லும். நமக்கு மட்டும் என்று பூட்டி வைத்த படத்தையும் அது விடாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு விதிவிலக்குகளின் பட்டியல். மதச் சடங்கின்போது பாட்டு இசைப்பதும் இசைத்தட்டுப் போடுவதும் குற்றமில்லை என்று அதில் ஓர் உட்பிரிவு உண்டு. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய சமூகக் கொண்டாட்டங்களும் அதில் அடக்கம். மண்டபத்தில் பாட்டுப் போட ராயல்டி கேட்கக் கூடாது என்று 2023 ஜூலையில் ஒன்றிய அரசும் அறிவிப்புக் கொடுத்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சலுகை மதச் சடங்கு என்ற வாசல் வழியாகத்தான் வருகிறது. 1967 சட்டத் திருத்தத்தால் அங்கீகாரம் பெற்ற சுயமரியாதைத் திருமணக்காரரும் பாட்டுப் போட அந்த வாசலில்தான் நுழைய வேண்டும்!

ஆனால் இந்தச் சலுகை கல்யாண நேரத்துக்குத்தான். ஒரு வாரம் கழித்துப் படத்தோடு பாட்டை ஒட்டி ஊருக்கெல்லாம் காட்டுவது வேறு காரியம், அதற்கு அனுமதி வேண்டும். போட்டோ விசயத்தில் சட்டம் நம் பக்கம். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. நெகட்டிவைத் தராமல் வைத்துக்கொண்ட ஸ்டுடியோக்களிடம் இதைச் சொல்லிக் கேட்டவர் எத்தனை பேர்?

பாட்டு அவ்வளவு லேசில்லை. ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்து இருக்கிறது: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. ஒலிப்பதிவுக்கு வெளிவந்த ஆண்டு முடிந்து 60 வருசம். 1960இல் வந்த இசைத்தட்டு 2020 இறுதியோடு விடுதலை. வரிக்கும் மெட்டுக்கும் ஆக்கியவர் இறந்த ஆண்டு முடிந்து 60 வருசம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் இறந்தார். 2019 முடிந்ததோடு அவர் வரிகளுக்குத் தடையில்லை. அந்த வரிக்கு மெட்டுப் போட்டவர் எம்.எஸ். விசுவநாதன் என்றால், அவர் 2015இல் இறந்தார், 2075 முடியும் வரை மெட்டு கட்டுக்குள். பழைய பாட்டுத்தானே என்று சும்மா எடுத்துப்போட முடியாது.

சரி, சொத்து என்றால் யாருடைய சொத்து? 1977இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், படத்துக்காகக் கொடுத்த பாட்டுக்குப் படத் தயாரிப்பாளரே உரிமையாளர் ஆகலாம் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனிக் குறிப்பாக ஒன்று எழுதினார்: பாடுகிறவருக்கு நம் சட்டத்தில் உரிமையே இல்லையே, இதை நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்று. நாடாளுமன்றம் கவனிக்க 17 வருசம் ஆனது. 1994 திருத்தத்தில்தான் நிகழ்த்துவோர் உரிமை வந்தது. யார் யார் நிகழ்த்துவோர்? நடிகர், பாடகர், இசைப்பவர், ஆடுபவர், கழைக்கூத்தாடி, செப்பிடுவித்தைக்காரர், பாம்பாட்டி என்று சட்டமே அடுக்குகிறது. பாம்பாட்டி வரைக்கும் நினைவு வைத்தவர்களுக்குப் பறை பேர் சொல்லத் தோன்றவில்லை. போகட்டும், இசைப்பவர் என்ற சொல்லுக்குள் பறை அடிப்பவரும் இருக்கிறார்.

இதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். அவர் வாசித்ததைப் பதிவு செய்யவும் பொதுவில் பரப்பவும் அவர் சம்மதம் வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம், ஊருக்குக் காட்டக் கேட்க வேண்டும். உரிமை 50 வருசம் நிற்கும். 2012 திருத்தம் இன்னொன்றும் தந்தது: வாசித்தது இன்னார் என்று தன் பேரைச் சொல்லச் சொல்லும் உரிமை.

நடப்பது என்ன? கல்யாண வீடியோவில் ரெண்டு நிமிசம் பறை அடிக்கிறார்கள், மேலே சினிமாப் பாட்டு ஓடுகிறது. எந்திரம் பாட்டைப் பிடிக்கிறது. பறையைப் பிடிக்காது, ஏனென்றால் யாரும் அதைப் பதிந்து கொடுத்து வைக்கவில்லை. நம் தாளத்தை எடுத்துப் போட்ட சினிமாப் பாட்டுகள் எத்தனை. அந்தப் பதிவு கம்பெனிச் சொத்தாகிவிட்டது. ஆனால் தாளம் ஆகவில்லை. மரபாக வருகிற மெட்டுக்கும் அடிக்கும் பதிப்புரிமை கிடையாது, நாம் அடித்துப் பதிந்தால் அந்தப் பதிவு நம்முடையது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கம்பெனி சொல்வதை அப்படியே ஒத்துக்கொள்கிறோம்.

பேர் விட்டுப்போவது எழுதத் தெரியாத வாத்தியக்காரருக்கு மட்டும் நேர்வதில்லை. 2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' நம் கல்யாண வீடுகளில் ஓடாத ஊரில்லை. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் கதைகளிலிருந்து அதை எழுதிப் பாடியவர் அறிவு. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு பெரிய இசைப் பத்திரிகை அட்டையில் உடன் பாடிய தீயின் படம் வந்தது, அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் அது பேச்சானது. அந்தப் பாட்டால் தனக்கு வருமானமே வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் பொதுவில் சொன்னார். கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்ட பாட்டுக்கே இந்தக் கதி.

ஆக, அடுத்த கல்யாணத்துக்கு ஒரு வழி இருக்கிறது. படங்களுக்குப் பின்னால் ஓட அன்றைக்கு வாசித்த பறையையே பதிந்து போடலாம். குழுவிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும், வாசிக்கிற கூலி வேறு, பதிவுக்கான தொகை வேறு. ஒரு வெள்ளைத் தாளில் தேதி, ஊர், எத்தனை நிமிசப் பதிவு, எங்கே போடப்போகிறோம், எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து. தாளை ரெண்டு படி எடுத்து ஒன்றைக் குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். கடைசிப் படத்தில் போட்டோக்காரர் பேருக்குப் பக்கத்தில் பறை அடித்தவர், தவில் அடித்தவர், நாயனம் வாசித்தவர் பேரெல்லாம் வர வேண்டும். எந்திரம் தப்பாக வேறு பதிவோடு பொருத்திச் சொந்தம் கொண்டாடினால் மறுப்புச் சொல்ல அங்கேயே இடமுண்டு, அப்போது கையிலிருக்கிற அந்தத் தாள் பேசும்.