புறநகரே பட்டறை: தென் கலிபோர்னியாவில் பங்க் ராக்கின் வேர்கள்

பங்க் ராக் மாநகர நெருக்கடியில் பிறந்த இசை என்பது பரவலான கருத்து. அதன் வரலாறும் நியூயார்க்கின் சிபிஜிபி அரங்கையும் லண்டனின் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் சுற்றியே எழுதப்படுகிறது. ஆனால் ராமோன்ஸ் குழுவினர் வளர்ந்தது நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியிலுள்ள ஃபாரஸ்ட் ஹில்ஸில், நடுத்தர வர்க்கக் குடியிருப்பொன்றில். பாடகர் பில்லி ஐடல் முதலானோர் லண்டன் புறநகரான புரோம்லி வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். புறநகரின் பங்கு மிகத் தெளிவாகத் தெரிவது தென் கலிபோர்னியாவில்தான். அங்கே புறநகர், பங்க் இசையின் வசைக்கு இலக்காக இருந்ததோடு, அதன் பட்டறையாகவும் இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1950இல் தென் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 2.16 லட்சம், 1970இல் 14.2 லட்சம். பழத்தோப்புகள் வீட்டு மனைகளாயின. சொந்த வீடும் காரும் உள்ள குடும்பத்துக்காகவே வகுக்கப்பட்ட இந்த ஊர்களில், கார் ஓட்டும் வயதை எட்டாத பிள்ளைகள் கூடுவதற்கு இடம் அரிது. இந்தக் கவுண்டியின் ஃபுல்லர்ட்டனிலிருந்து சோஷியல் டிஸ்டார்ஷனும் அடலசென்ட்ஸும், பிளசென்ஷியாவிலிருந்து ஏஜென்ட் ஆரஞ்சும், சாண்டா அனாவிலிருந்து மிடில் கிளாஸும் எனப் பங்க் குழுக்கள் வந்தன.

இக்குழுக்கள் எழச் சலிப்புதான் காரணம் என்பர் சிலர். அது பாதி விடையே. சலிப்பு எல்லா ஊரிலும் உண்டு. இசைத்தட்டு வெளியிடக் கருவியும் கைத்திறனும் வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸை அடுத்த ஹெர்மோசா பீச்சைச் சேர்ந்த கிரெக் கின் சிறுவயதிலேயே வானொலிக் கருவிகளை விற்கத் தொடங்கியவர். அத்தொழிலுக்கு அவர் இட்ட பெயர் சாலிட் ஸ்டேட் டியூனர்ஸ். தம் பிளாக் ஃபிளாக் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவராமல் இழுபட்டபோது, தொலைபேசி விவரப் புத்தகத்தில் தட்டு அச்சிடும் ஆலையைத் தேடிப் பிடித்துத் தாமே அச்சிட்டார். 1979இல் வெளியான அதில் நான்கு பாடல்கள். மொத்தம் ஆறு நிமிடத்துக்கும் குறைவு. பழைய தொழிலின் பெயர்ச்சுருக்கமே எஸ்எஸ்டி என்ற இசை நிறுவனமாயிற்று. மினிட்மென், ஹஸ்கர் டூ, சோனிக் யூத் ஆகிய குழுக்களின் இசைத்தட்டுகளும் பின்னர் அதன்வழி வந்தன.

மோதலும் அதே மண்ணில்தான் நிகழ்ந்தது. 1979 ஜூலையில் மன்ஹாட்டன் பீச்சின் பாலிவாக் பூங்காவில் பிளாக் ஃபிளாக் குழு வாசித்தது. மெல்லிசைக் குழு என்று நம்பியே அதிகாரிகள் அனுமதி தந்திருந்தனர். குடும்பத்தோடு வந்திருந்தவர்கள் கட்டுச்சாப்பாட்டையே மேடை மீது வீசினர். பொதுவெளி யாருக்கு உரியது என்ற கேள்வி அன்று வெளிப்படையாக எழுந்தது.

இவ்வாதத்துக்கு எல்லை உண்டு. ஹாலிவுட்டின் மாஸ்க் அரங்கு 1977இலேயே பங்க் இசைக்கு இடம் தந்தது. மினிட்மென் குழுவின் சான் பெட்ரோ, தொழிலாளர் வாழும் துறைமுகப் பகுதி. ஆகவே புறநகரை ஒற்றை வர்க்கத்தின் வாழிடமாகக் கருதலாகாது. ஆயினும் ஹார்ட்கோர் என அறியப்பட்ட வேகமான, இறுக்கமான வடிவம் பெரும்பாலும் புறநகர்ப் பிள்ளைகளின் கையில்தான் உருப்பெற்றது. பங்க் வரலாற்றை எழுதுவோர் மாநகர அரங்குகளோடு நின்றுவிடாமல், புறநகர்ப் பூங்காக்களின் அனுமதிப் பதிவுகளையும் சிறு இசை நிறுவனங்களின் கணக்கேடுகளையும் புரட்ட வேண்டும்.