தளிச்சேரித் தெருவின் வாழ்வும் தாழ்வும்

தஞ்சைப் பெரிய கோயிலின் மதிலில் மாமன்னன் இராசராசன் பொறித்த கல்வெட்டொன்று ஒரு குடியிருப்பின் வரலாற்றையே நமக்கு உரைக்கின்றது. கி.பி. 1010இல் நிறைவுற்ற அக்கோயிலில் ஆடல் பாடல் நிகழ்த்த, சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றினின்றும் 400 மகளிரைக் கொணர்ந்து மன்னன் குடியேற்றினான். அவர்கள் வாழ்ந்த தெருக்களே தளிச்சேரி. தளி என்பது கோயிலைக் குறிக்கும் பழஞ்சொல்.

ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் உரிமையாயின. இன்ன சிறகில் இத்தனையாவது வீடு, இன்ன ஊர்க் கோயிலினின்று வந்தவள், இன்ன பெயரினள் என்று கல்வெட்டு வரிசைப்படக் கூறுகின்றது.

பேரரசுகள் மாறினும் கலை மாறவில்லை. மராட்டியர் காலத்தில் தஞ்சை நால்வர் இவ்வாடலுக்கு இன்றுள்ள கச்சேரி முறையை வகுத்தனர். அவருள் ஒருவரான வடிவேலு, சுவாதித் திருநாள் அவையில் திருவனந்தபுரத்தில் விளங்கியவர். நமக்கு அண்மையிலுள்ள சுசீந்திரத்திலும் தேவதாசியர் பணி செய்தனர்.

1855இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று, புரவலர் அருகினர். கலை பிழைப்புக்கு உதவாதபோது, செல்வரின் இச்சைக்கு அம்மகளிர் இரையாயினர். சிறுமியரை அவர்தம் விருப்பமறியாது பொட்டுக்கட்டிய கொடுமையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், அம்மரபிலேயே தோன்றிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் எதிர்த்துப் போராடினர். திருவிதாங்கூரில் சேது லட்சுமி பாய் ஆட்சியிலும் (1924-1931), சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அவ்வழக்கம் ஒழிந்தது. ஒழியவேண்டியதே ஒழிந்தது.

ஆயினும் ஒன்று எண்ணத்தக்கது. சப்பானின் கியோத்தோ நகரத்துக் கியோன் தெருவில் 1872இல் தோன்றிய நடனவிழாவில் இன்றும் அத்தெருவின் கலைமகளிரே ஆடுகின்றனர். இங்கோ ஆடல் 'பரதநாட்டியம்' எனப் பெயர் பெற்று மேடையேறிற்று. அதனைக் காத்த குடும்பத்தினருள் பாலசரசுவதி போன்ற மிகச் சிலரே புகழெய்தினர். ஏனையோர் தம் குலத்தொடர்பை மறைத்து வாழவேண்டியவராயினர்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அக்கல்வெட்டில் ஓர் உறவுண்டு. அம்மகளிர் பெயர்கள் தஞ்சையில் எழுதப்பட்டபோதும் விட்டுவந்த கோயிலூர்ப் பெயரோடுதான் எழுதப்பட்டன. நம் பெண்மக்கள் சலங்கை கட்டும் நாளில், அவ்வாடலைத் தந்தோரின் பெயரையும் சொல்லிக் கொடுப்பது நம் கடனாகும்.