வெனிலாவைக் காய்க்கவைத்த சிறுவன்
வெனிலாவின் நறுமணத்தை நாமறிவோம். அதனைக் காய்க்கச் செய்த கரத்தை அறிந்தோர் சிலரே.

மகரந்தம் சூல்முடியைச் சேர்ந்தாலன்றிப் பூ காயாகாது. மெக்ஸிகோவில் வெனிலாக் கொடிக்கு இத்தொண்டினைப் பூச்சிகள் புரிந்தன. பிரெஞ்சுக்காரர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கொடியை இந்துமாக்கடலின் ரியூனியன் தீவுக்குக் கொணர்ந்தனர். கொடி பூத்தது, காய்க்கவில்லை. அப்பூச்சிகள் அங்கில்லை, பூவினுள்ளோ மகரந்தத்தையும் சூல்முடியையும் மெல்லிய திரையொன்று பிரித்து நிற்கிறது.

1841இல் எட்மண்ட் என்னும் 12 வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியால் அத்திரையை உயர்த்தி, பெருவிரலால் இரண்டையும் அழுத்திச் சேர்த்தான். காய் விளைந்தது, தீவின் வாணிபம் செழித்தது.

பின்னாளில் தாவர அறிஞர் ஒருவர் அப்புகழைத் தமதென்றார். எட்மண்டின் எஜமானரே அதை மறுத்துச் சாட்சி பகர்ந்தார். 1848இல் விடுதலை பெற்ற எட்மண்ட் அல்பியஸ், 1880இல் வறுமையில் மறைந்தார்.

இன்றும் வெனிலாத் தோட்டங்களில் அவர் முறையே கையாளப்படுகிறது. அவருக்குரிய பெயரை மறவாதிருத்தல் நம் கடன்.