சாணைக்கல் ஊரிலிருந்து டிமிப்ஸ் வரை

மைக்ரோகண்ட்ரோலர் சிப் எதன் விவரத்தாளைப் புரட்டினாலும் 'டிமிப்ஸ்/மெகாஹெர்ட்ஸ்' என்ற வரி பெரும்பாலும் கண்ணில் படும். ஆர்ம் கார்டெக்ஸ்-எம்3க்கு அது 1.25. இந்த 'டி' டிரைஸ்டோன் என்ற வேகச் சோதனை நிரலைக் குறிக்கிறது. அந்தப் பெயரின் வேர் இங்கிலாந்தில், லெஸ்டர்ஷயர் மாவட்டத்து வெட்ஸ்டோன் என்ற ஊரில் இருக்கிறது.

வெட்ஸ்டோன் என்றால் சாணைக்கல். ஜெட் எஞ்சினுக்குப் பெயர்பெற்ற ஃபிராங்க் விட்டிலின் பவர் ஜெட்ஸ் நிறுவனம் இங்கே இயங்கியது. பிறகு இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் அணுமின் பிரிவு வந்தது. அங்கேதான் 1960களின் தொடக்கத்தில் பிரையன் ராண்டெலும் எல். ஜே. ரஸ்ஸலும் கேடிஎஃப்9 கணிப்பொறிக்காக அல்கால் 60 கம்பைலரை எழுதினார்கள். அதே கணிப்பொறிக்குக் கிட்ஸ்குரோவ் ஊரிலும் ஒரு கம்பைலர் தயாரானது. இரண்டையும் ஊர்ப் பெயராலேயே அழைத்தார்கள்.

கிட்ஸ்குரோவ் கம்பைலர் வேகமாக ஓடும் நிரலைத் தரும். வெட்ஸ்டோனோ நிரலை ஓர் இடைநிலை மொழிக்கு மாற்றி, ஒவ்வொரு கட்டளையாகப் படித்துப் படித்து நிறைவேற்றும். ஓட்டம் மெதுவு. ஆனால் ஒவ்வொரு கட்டளையும் கண்முன் கடந்து போவதால் எது எத்தனை முறை வந்தது என்று எண்ணிவிடலாம். பெயர் நிலைத்ததற்கு இந்த மெதுவான ஓட்டமே காரணம் என்பேன். டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் பிரையன் விக்மேன், பயனர்கள் ஓட்டிய நிரல்களை வைத்து அப்படித்தான் கணக்கெடுத்தார். அந்த விகிதத்தைப் பின்பற்றி 1972இல் ஒரு சோதனை நிரல் பிறந்தது. ஹரால்ட் கர்னோவும் விக்மேனும் அதைப் பற்றிய கட்டுரையை 1976இல் வெளியிட்டார்கள். நொடிக்கு இத்தனை வெட்ஸ்டோன் கட்டளைகள் என்று முடிவைச் சொன்னார்கள். அந்தக் கட்டளை எந்த இயந்திரத்தின் கட்டளையும் அல்ல; ஓர் ஊரின் கம்பைலருக்குள் மட்டும் வாழ்ந்த கட்டளை.

வெட்ஸ்டோன் நிரலில் தசமப் புள்ளிக் கணக்கும் சைன், கோசைன் போன்ற சார்புகளும் நிறைய. சீமென்ஸ் நிறுவனத்தின் ரெய்ன்ஹோல்ட் வைக்கர் 1984இல் அவை இல்லாத ஒன்றை, முழு எண்களும் எழுத்துச் சரங்களும் கொண்டு, அடா மொழியில் எழுதினார். வெட்ஸ்டோனின் 'வெட்' தீட்டுவதைக் குறிக்கும் சொல். காதுக்கோ ஈரம் என்ற பொருளுள்ள 'வெட்' போலவே கேட்கும். அதனால் புதிய நிரலின் பெயரில் ஈரத்துக்கு மாற்றாக 'டிரை', அதாவது உலர்ந்தது, வந்தது. அந்த ஆங்கிலச் சொல்லில் இல்லாத 'எச்' எழுத்தையும் நடுவில் சேர்த்தார்கள். வெட்ஸ்டோனின் எழுத்துக்கூட்டலில் அது உண்டு.

வாக்ஸ் 11/780 நொடிக்கு 1757 டிரைஸ்டோன் சுற்றுகள் ஓடும். அதை ஒரு மிப்ஸ் இயந்திரம் என்று பலரும் கொண்டதால், எந்தச் சிப்பின் எண்ணிக்கையையும் 1757ஆல் வகுத்து டிமிப்ஸ் என்றார்கள். மிப்ஸின் விரிவு 'நொடிக்குப் பத்து லட்சம் கட்டளைகள்'. வாக்ஸ் உண்மையில் அதில் பாதியளவே நிறைவேற்றியது. ஆகவே டிமிப்ஸ் கட்டளைகளை எண்ணவில்லை; 1977இல் வந்த ஒரு கணிப்பொறியைப் போல எத்தனை மடங்கு என்றுதான் சொல்கிறது.

டிரைஸ்டோனின் சி மொழி வடிவத்தில் 30 எழுத்து நீளமுள்ள சரங்களைப் படியெடுக்கும் வேலை வருகிறது. நீளம் முன்பே தெரிவதால் கெட்டிக்கார கம்பைலர் நூலகச் சார்பை அழைக்காமலே அதை முடித்துவிடும். எண் ஏறும், சிப் அதே சிப்தான். 1988இல் வந்த 2.1ஆம் பதிப்பு சில ஓட்டைகளை அடைத்தது. 2009இல் ஈஇஎம்பிசி அமைப்பு கோர்மார்க் என்ற சோதனை நிரலை வெளியிட்டபோது, எந்தக் கம்பைலர், அதில் எந்தெந்த அமைவுகள் என்பதையும் எண்ணோடு சேர்த்தே எழுத வேண்டும் என்று விதி வகுத்தது.